அளப்பவருக்குப் படியளப்பது யார்?

பள்ளி ரோபோட்டிக்ஸ் அணிகளுக்கு அரசு நிதி வேண்டும் என்றதும் எழும் முதல் கேள்வி: கம்பெனிகள் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியில் தருகின்றனவே, அரசு எதற்கு?

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் இதற்கு விடை கிடைக்கும். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என ஊர்களை ஒட்டியே சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள் நிற்கின்றன, பக்கத்திலேயே உப்பனாறு. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது, கடலூர் 77.45 புள்ளிகளோடு அதில் இருந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் கையில் சென்சாரும் மோட்டாரும் கிடைத்தால், ராத்திரி எந்த நேரத்தில் நாற்றம் கூடுகிறது என்று பதிவு செய்யும் கருவியையோ, ஆற்றுநீரின் அமிலத்தன்மையை அளக்கும் சிறு படகையோ செய்து பார்க்க நினைப்பது இயல்பு. அந்த அளவெடுப்புக்கு, அளக்கப்படும் ஆலையே காசு கொடுத்தால் முடிவை யார் நம்புவார்கள்? ஆலை நேர்மையாகவே கொடுத்தாலும், அடுத்த ஆண்டுப் பணம் நின்றுவிடுமோ என்ற தயக்கம் ஆசிரியருக்கு வராமல் போகாது. அரசு நிதி வேண்டும் என்பதற்கு என் முதல் காரணம் இதுதான்.

ஊர்க்காரர்களே அளந்து பார்ப்பதற்கு இங்கே முன்னோடியும் உண்டு. 2004 வாக்கில் சிப்காட் பகுதிக் கிராமத்தினர் குழுவாகச் சேர்ந்து, பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள்களும் அந்தக் காற்றில் இருப்பது அதனால்தான் வெளியே தெரிந்தது. அதிகம் படிக்காதவர்களும் செய்த வேலை அது. பள்ளிக்கூடம் அதைத் தொடர முடியாதா?

அரசு இதுவரை கொடுத்த விதத்தில்தான் எனக்குக் குறை. நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தந்தது. பாதி ஆய்வகம் அமைக்க, பாதி ஐந்தாண்டு நடத்த. சுமார் 10,000 பள்ளிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது பெரிய காரியம். ஆனால் சமவெளிப் பகுதியில் 1,500 சதுர அடி இடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையிலேயே சின்னக் கிராமப் பள்ளிகள் பல கழிந்துபோகும். வாங்கிய பொருளின் கதி வேறு. கடலோர ஈரத்தில் 3டி பிரிண்டரின் பிளாஸ்டிக் இழை நீரை உறிஞ்சும், முனை அடைத்துக்கொள்ளும். செர்வோ மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒரு முரட்டுத் திருப்பலில் தேய்ந்துபோகும். சில நூறு ரூபாயில் மாற்றலாம். அந்தச் சில நூறைச் செலவழிக்கத் தலைமையாசிரியருக்கு அதிகாரமும் பில்லும் வேண்டும். கொஞ்சம் சிக்கலானால் அறைக்குப் பூட்டுதான்.

மோட்டார் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்க மாநிலமான மிச்சிகன் வேறு வழியில் போனது. போட்டிக் கட்டணத்தோடு பயிற்றுநருக்கு ஊக்கத்தொகையும் மாநில மானியத்தில் சேர்ந்தது. எஃப்ஆர்சி எனப்படும் பள்ளி மாணவர் ரோபோட்டிக்ஸ் போட்டியின் அணிகள் மிக அதிகம் உள்ள மாநிலம் இன்று அதுதான். கேரளப் பள்ளிகளில் 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் தகவல் தொழில்நுட்ப மன்றங்களில் பொறுப்பாசிரியர்கள் பயிற்சியோடு நியமிக்கப்பட்டார்கள். ரோபோட்டிக் கிட் அதற்குப் பிறகே வந்தது. முதலில் ஆள், பிறகு பொருள். தமிழ்நாட்டில் டிஎன் ஸ்பார்க் என்ற அரசுப் பள்ளித் திட்டம் வழியாக ரோபோட்டிக்ஸ் பாடம் வந்திருப்பது நல்லது. ஆனால் பாடவேளை வேறு, அணி வேறு. மாலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு உட்காரும் ஆசிரியருக்கு அந்த நேரத்துக்கான மதிப்பைத் தராத திட்டம் நிலைக்காது.

போட்டி மோகம் இன்னொரு குறை. கோப்பைக்காகப் பந்து பொறுக்கும் ரோபோ செய்வதில் தவறில்லை. அதோடு நின்றுவிடக் கூடாது. கேரள இளைஞர்கள் பொறியியல் கல்லூரி நட்பில் தொடங்கி, அரசு ஆதரவோடு செய்த பாண்டிகூட் ரோபோ 2018இல் திருவனந்தபுரத்தில் பாதாளச் சாக்கடைக் குழிகளைச் சுத்தம் செய்ய இறங்கியது. கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் சாக்கடைக் குழிக்குள்ளும் ஆள் இறங்கிச் சாகும் நாட்டில் இதைவிடப் பெரிய பரிசு எது?

மாணவர் கருவியின் அளவைச் சாட்சியமாக நீட்ட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எம்கியூ-135 வாயு சென்சாருக்கு அமோனியாவையும் பென்சீனையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. காற்றில் ஈரம் மாறினாலே அளவு மாறும். ஆனால் எந்த மணிக்கு, எந்தக் காற்றுத் திசையில் மாதிரி எடுக்க வேண்டும் என்று காட்டிவிடும். மிச்சத்தை ஆய்வகம் பார்க்கட்டும். சிதம்பரத்தில் 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2013 முதல் அது அரசின் கையில் இருக்கிறது. பள்ளி அணிகளோடு அதன் பொறியியல், வேதியியல் துறைகளை இணைக்கப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை.

அரசும் ஒரு தரப்புதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அரசுடையதே. ஆகவே நிதி பள்ளிக் கல்வித் துறை வழியாக வர வேண்டும். பிள்ளைகள் எடுத்த அளவுகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். அடுத்த பட்ஜெட்டில் சிப்காட்டைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர் ஊக்கத்தொகை, உதிரிபாகச் செலவு, பயணப்படி ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் தரும் ஒரு தலைப்பை அரசு சேர்க்கட்டும். கடலூர், சிதம்பரம் சட்டமன்ற உறுப்பினர்கள் இதை மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுப்ப வேண்டும்.