கடப்பிதழ் பார்க்கும் மேசை

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் 1998 ஆகஸ்ட் முதல் 2011 ஜூன் வரை ஒரு விசித்திரம் நாள்தோறும் நடந்தது. வடக்கே போகும் பயணி நடைமேடைக்குச் செல்லும் வழியிலேயே மலேசியக் குடிநுழைவு அதிகாரியைப் பார்த்து, மலேசியாவுக்குள் "நுழைந்து"விடுவார். பிறகு ரயிலேறி, சிங்கப்பூர்த் தீவைத் தெற்கிலிருந்து வடக்காக முழுவதும் கடந்து, உட்லண்ட்ஸில் இறங்கி, அங்கேதான் சிங்கப்பூரைவிட்டு "வெளியேறுவார்". வாசலைத் தாண்டும் முன்பே விருந்தாளி வீட்டில் உட்கார்ந்துவிட்ட மாதிரி.

எல்லை தாண்டும் ரயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இஞ்சினையும் பாலத்தையும்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ கடப்பிதழைப் பார்க்கும் அந்த மேசை எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதில்தான் முழுக் கதையும் இருப்பதாகத் தோன்றுகிறது.

இந்தப் பாதை போடப்பட்டபோது மேசைக்கே வேலையில்லை. 1903-இல் டேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை தண்டவாளம் வந்தது. நீரிணையைப் படகில் கடந்து ஜொகூர் பாரு போக வேண்டும். ஜொகூர்ப் பாதை 1909-இல் முடிந்தபின் அக்கரையில் வேறொரு ரயில் காத்திருந்தது. 1918-இல் சிங்கப்பூர்ப் பாதையும் அதன் நிலமும் கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வேக்குக் கைமாறின. நிலத்தில் ஒரு பகுதி 999 ஆண்டுக் குத்தகை. இருபக்கமும் ஒரே பிரிட்டிஷ் நிழல் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1923-இல் கடற்பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியது. 1932-இல் தஞ்சோங் பகார் நிலையம் எழுந்தது. அதன் முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் என்று நான்கு வெண்பளிங்குச் சிலைகள், கூடவே அந்த ரயில்வேயின் பெயருக்கான எஃப், எம், எஸ், ஆர் எழுத்துகள்.

1965-இல் சிங்கப்பூர் தனி நாடானது. எல்லைக்கோடு நீரிணையின் நடுவே விழுந்தது. ரயில் நிலம் மட்டும் பழைய பெயரிலேயே இருந்துவிட்டது. நகரின் தென்கோடியிலிருந்து கடற்பாலம் வரை நீண்ட ஒரு ஒல்லியான பட்டை, அயல்நாட்டு ரயில்வேயின் கையில்.

அந்த ஏற்பாட்டில் நல்லது இல்லாமலில்லை. துறைமுகத்துக்கு அருகே ஏறினால் கோலாலம்பூர்வரை ஒரே நிர்வாகம், ஒரே மீட்டர் பாதை, ஒரே பயணச்சீட்டு. பாதையின் இருபுறமும் கட்டடங்கள் நெருங்க முடியாததால் ஒரு பச்சைக் கோடு தப்பிப் பிழைத்தது. நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் பரோட்டாவும் தேத்தண்ணியுமாகப் பசியாறிவிட்டு ரயிலேறிய தலைமுறை ஒன்று இருக்கிறது. அவர்கள் அந்த நாட்களைப் பேசும்போது குரல் கொஞ்சம் இளகும்.

ஆனால் ஏக்கம் வேறு, இயக்கம் வேறு. ஒற்றைப் பாதை, புக்கிட் தீமா நிலையத்தில் ஓட்டுநர் டோக்கன் வளையத்தைக் கைமாற்றினால்தான் அடுத்த பகுதிக்குள் ரயில் நுழையலாம். 2011 வரைக்கும் அப்படித்தான். மெட்ரோ ரயில் தானாக ஓடும் ஊரில் இது அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால், பாதை யாருடையது என்ற வழக்கு தீராதபோது அதில் யார் முதலீடு செய்வார்? மலேசியாவுக்குத் தன் ஆட்சிக்கு உட்படாத மண். சிங்கப்பூருக்குத் தன்னுடையதல்லாத தண்டவாளம்.

வழக்கைத் தீர்க்க 1990 நவம்பரில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூவும் மலேசிய நிதியமைச்சர் டைம் ஜைனுதீனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் பொருள் என்ன, எப்போது நடைமுறைக்கு வரும் என்பதிலேயே இரு தரப்பும் பிரிந்தன. 1998-இல் சிங்கப்பூர் தன் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா தஞ்சோங் பகாரைவிட்டு அசையவில்லை. முதலில் சொன்ன கேலிக்கூத்து இப்படிப் பிறந்ததுதான். ஒரு மேசையை இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்த்த இரு அரசுகளுக்குப் பதின்மூன்று ஆண்டு பிடித்தது.

2010-இல் மலேசியப் பிரதமர் நஜிப்பும் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங்கும் முடிச்சை அவிழ்த்தார்கள். ரயில் நிலத்துக்கு ஈடாக மரினா சவுத்திலும் ஓபிர்-ரோச்சோரிலும் நிலம்; அதைக் கட்டியெழுப்ப மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 40 விழுக்காடு பங்கில் ஒரு நிறுவனம். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். வணிகக் கணக்கில் இது தேர்ந்த பேரம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பேரத்தில் பேசப்பட்டது நிலம். ரயில் அதில் ஓர் இடையூறாகத்தான் இருந்தது; அகற்றப்பட்டது.

மிச்சம் இருந்தது உட்லண்ட்ஸும் ஜொகூர் பாருவும். 2015-இல் அவ்விரண்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய தெப்ராவ் ரயிலுக்குப் பயண நேரம் ஐந்தே நிமிடம். சிங்கப்பூரிலிருந்து போக 5 வெள்ளி, அங்கிருந்து வர 5 ரிங்கிட். எண் ஒன்று, மதிப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு வேறு! உட்லண்ட்ஸில் இரு நாட்டுச் சோதனையும் ஏறுமுன்பே முடிந்துவிடும். திரும்பும்போது மலேசியா அங்கே, சிங்கப்பூர் இங்கே. வார இறுதிக்குச் சீட்டுக் கிடைப்பது குதிரைக் கொம்பு. காரணம் தண்டவாளத்தில் மட்டும் இல்லை. சோதனைக் கூடத்தால் எத்தனை பேரை அனுப்ப முடியுமோ அத்தனை பேருக்குத்தான் ரயில். லண்டனில் யூரோஸ்டார் ஏறுகிறவர்களும் பிரெஞ்சு அதிகாரியை லண்டனிலேயே பார்த்துவிடுகிறார்கள். அங்கும் நெரிசல் ரயிலுக்குள் இல்லை, கூடத்தில்தான்.

ஏறுமுன் இருமுறை சோதிக்கும் முறையின் பலமும் பலவீனமும் இங்கேதான். இறங்கியவுடன் நடையைக் கட்டலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அதற்குப் பயணி இரண்டு வாசல்களுக்கு நடுவே அடைபட வேண்டும். இடையில் சோதனையின்றி யாரும் ஏறக் கூடாது, உள்நாட்டுப் பயணியோடு கலக்கக் கூடாது. அதனால் இந்த முறை குறுகிய தூரத்துக்குப் பொருந்துகிறது, நெடுந்தொலைவு ரயிலை மெல்ல நெரிக்கிறது.

இப்போது கட்டப்படும் ஆர்டிஎஸ் என்னும் விரைவு ரயில் இணைப்பு அந்தத் தர்க்கத்தின் கடைசிப்படி. உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜொகூர் பாருவின் புக்கிட் சாகார் வரை 4 கிலோமீட்டர். 2026 இறுதியில் ஓட வேண்டும் என்பது திட்டம். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர். விடியுமுன் எழுந்து கடற்பாலத்தில் பேருந்து வரிசையில் நிற்கும் ஜொகூர்த் தொழிலாளிக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. அவருக்கு முன்னால் என் பழைய நிலையப் பாசம் எடுபடாது, எடுபடவும் கூடாது.

ஆனாலும் ஒரு குறை நெருடுகிறது. புதிய பாதையின் அகலம் வேறு; மலேசியாவின் மீட்டர் பாதையோடு அது சேராது. ஆர்டிஎஸ் வந்த ஆறு மாதத்துக்குள் தெப்ராவ் நிறுத்தப்படும் என்பது ஏற்பாடு. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டரை இரட்டைப் பாதையாக்கி மலேசியா மின்மயமாக்கியிருக்கிறது; அந்த மின்ரயில் வந்து நிற்கும் இடத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அதன்பின் மீட்டர் பாதை ரயில் ஓடாது. கோலாலம்பூர் போகிறவர் புக்கிட் சாகாரில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு ஜேபி சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்து, வேறொரு ரயிலில் ஏற வேண்டும். 1909-இல் படகிலிருந்து இறங்கியவரும் அதே கரையில் அதைத்தான் செய்தார்.