தூங்கானை மாடம்

பாடி திருவலிதாயம் கோயிலுக்குப் போகிறவர்களில் பலர் சந்நிதியோடு திரும்பிவிடுகிறார்கள். கருவறைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். நேராக ஓடி மூலையில் திரும்ப வேண்டிய சுவர் அங்கே மூலையே இல்லாமல் வளைந்துவிடுகிறது. மேலே விமானமும் அந்த வளைவைத் தொடர்ந்து கவிகிறது. கஜபிருஷ்டம் என்பது சாஸ்திரப் பெயர். தமிழ்ப் பெயர் இன்னும் நல்லது: தூங்கானை மாடம். தும்பிக்கை இல்லை, காது இல்லை, தந்தம் இல்லை. படுத்திருக்கும் ஒரு கனம் மட்டும் இருக்கிறது. ஆவடிப் பக்கம் திருமுல்லைவாயிலிலும், பூந்தமல்லிக்கு அருகே திருவேற்காட்டிலும் இதே முதுகுதான்.

இந்த வடிவம் யானையைப் பார்த்துப் பிறந்ததல்ல. மூங்கிலை வளைத்து வேய்ந்த கூரைகளிலிருந்தும் பௌத்த சைத்தியங்களிலிருந்தும் வந்தது என்கிறார்கள். வடிவம் முந்தியது, அதில் யானையைக் கண்டுகொண்ட கண் பிந்தியது. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி இதை அறிந்திருந்தான். நகுல சகதேவ ரதத்தை இதே வளைவில் குடைந்துவிட்டு, பக்கத்தில் ஒற்றைக்கல் யானை ஒன்றையும் நிறுத்தினான். யானையைக் கட்டிடத்தின்மேல் ஒட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் வெட்டவெளியை விட்டான். உவம உருபு தொக்கி நிற்கிற இடம் அதுதான்.

ஐரோப்பாவின் மிருகக்காட்சிசாலைக் கட்டிடங்கள் எதிர்த்திசையில் போயின. 1873இல் பெர்லினில் யானைகளுக்குக் கட்டிய கூடம் கீழைநாட்டுக் கோயிலின் வேஷம் போட்டுக்கொண்டது. 1899இல் எழுந்த வாயிலை இரண்டு கல்யானைகள் மண்டியிட்டுச் சுமந்தன. 1907இல் ஹாம்பர்க் அருகே ஹாகன்பெக் கம்பிகளை நீக்கி அகழிகளை வெட்டினார். அவரும் தம் வாயிலுக்கு வெண்கல மிருகங்களை விட்டுவைத்தார். இவை உள்ளிருப்பதை வெளியே அறிவிக்கும் பெயர்ப்பலகைகள். தனித்தனியே பார்த்தால் சில நல்ல சிற்பங்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாசலில் மண்டியிடும் யானைக்கும் உள்ளே சங்கிலியில் நிற்கும் யானைக்கும் எந்த உறவும் இல்லை. நம் கோயில் யானையின் முதுகை வாங்கிக்கொண்டது. அவர்கள் யானைக்குக் கோயிலின் உடுப்பைத் தைத்துப் போட்டார்கள். 1943 நவம்பர் குண்டுவீச்சில் அந்தக் கோயில் இடிந்து யானைகளின்மேலேயே விழுந்தது. போரில் அழிந்த வாயில் மட்டும் 1980களில் திரும்பக் கட்டப்பட்டது. அலங்காரத்துக்கு மறுபிறவி உண்டு.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால் நம் வட்டத்துக்குப் பழகிய முடிவு ஒன்று கிடைத்திருக்கும்: அலங்காரம் பொய், உருவம் மெய். இருபது வருஷமாக நானும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1965இல் ஹியூ காசன் முடித்த யானை, காண்டாமிருகக் கூடம் இந்த நம்பிக்கையைக் கலைத்தது. அதில் ஒட்டுவேலை கிடையாது. வரிவரியாக வார்த்த கான்கிரீட்டைக் கையால் கொத்திக் கரடுமுரடாக்கி, சுவரையே தோலாக்கினார்கள். கூரைகள் தண்ணீர்க் கரையில் கூடிய மந்தைபோல ஒன்றையொன்று நெருங்குகின்றன. உருவமே யானையான கட்டிடம். பாடியின் தம்பி என்றே சொல்லலாம். ஆனால் 2001இல் யானைகளை அங்கிருந்து விப்ஸ்னேடுக்குக் கொண்டுபோனார்கள். இடம் போதவில்லை. யானையைப்போல் இருப்பதில் தேர்ந்த கட்டிடம், யானை இருப்பதற்குத் தோதாக இல்லை.

ஆக உருவமும் ஜோடனையாகலாம். கொத்திய கான்கிரீட் பார்க்க வந்தவனுடைய கண்ணுக்கு. உள்ளே இருந்ததன் காலுக்கு அல்ல. பாடியின் முதுகு இந்தக் குற்றத்திலிருந்து தப்புகிறது. அது எந்த யானையையும் உள்ளே அடைக்கவில்லை.

நம் கவிதைகளில் மிருகங்கள் நிறைய வருகின்றன. அடைமொழியாக வந்து வாசலில் மண்டியிடுபவற்றை நாம் சுலபமாகக் கண்டுபிடித்துக் கேலி செய்கிறோம். படிமமாக வந்து சுவராகிவிட்டவற்றைப் புகழ்கிறோம். நானும் புகழ்ந்திருக்கிறேன். இனி அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும்: உள்ளே கொண்டுவந்த உயிருக்கு நாலடி நடக்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் அதை வெளியே விட்டுவிட்டு, முதுகை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பாடிக் கோயிலைக் கட்டியவன் அவ்வளவே எடுத்துக்கொண்டான்.