ஆடியில் பழகிய டாவின்சி

ஆடி பிறந்தால் எங்கள் தொழிலில் கை ஓய்ந்துவிடும். முகூர்த்தம் கிடையாது. வைகாசி, ஆனிக் கல்யாணங்களின் பாக்கியை முடித்துக் கொடுப்பதும், பார்ட்டியிடம் மீதிப் பணத்தை வசூலிப்பதும்தான் வேலை. மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில், ஒரு மாடியறையில் என் மிக்ஸிங் யூனிட். கேசட் காலத்தில் இரண்டு விசிஆரையும் ஒரு மிக்ஸரையும் வைத்து வெட்டி ஒட்டியபோது வந்த பெயர் அது. மற்ற ஊரில் எடிட்டிங் என்று மாறிவிட்டாலும் எங்களுக்கு இன்றும் மிக்ஸிங்தான். பல வருஷமாக எடியஸ் மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தவன், இந்த ஆடி முழுக்க டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் உட்கார்ந்து பார்த்தேன். இதற்கென்று கம்ப்யூட்டர் எதுவும் வாங்கவில்லை. எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ். மதுரையில் பாதி யூனிட்டில் இதுதான் இருக்கும், அல்லது இதைவிடப் பழசு.

டாவின்சி முதலில் மிக்ஸிங்குக்கு வந்ததே இல்லை. சினிமாவுக்கு நிறம் சேர்க்கும் இயந்திரமாக இருந்தது. பெரிய லேப்களால்தான் வாங்க முடியும். 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அதைச் செய்த கம்பெனியை வாங்கியது. அடுத்த சில வருஷங்களில் விலையைத் தரைமட்டத்துக்கு இறக்கி, இலவசப் பதிப்பும் விட்டது. பிறகுதான் எடிட்டிங், ஒலிக்கு ஃபேர்லைட், கிராபிக்ஸுக்கு ஃபியூஷன் என்று ஒவ்வொரு அறையாகக் கட்டிச் சேர்த்தார்கள். கலர் அறை மட்டும் ஆதி வீடு, அதனால் அது அரண்மனை. ஒரே மண்டபத்தில் மஞ்சள் சீரியல் பல்பும் நீல எல்இடியும் கலந்து அடித்து, மணப்பெண்ணின் ஒரு கன்னம் குங்குமமாகவும் மறு கன்னம் பாகற்காயாகவும் வரும் காட்சியை எடியஸில் அரை மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். இதில் முகத்தை மட்டும் ஒரு வட்டத்துக்குள் பிடித்து, டிராக்கரை ஓட விட்டு, ஐந்து நிமிஷத்தில் சரிசெய்தேன். இதுவும் இலவசத்திலேயே உண்டு.

இனி குறைக்கு வருகிறேன். பக்கத்து யூனிட் தம்பி ஒருவன் முதல் வாரமே படியேறி வந்தான். "அண்ணே, இலவசம்னீங்க. நானும் போட்டுட்டேன். சவுண்டு மட்டும் வருது, படத்தைக் காணோம்ணே." அவன் கேமராமேன் புதுக் கேமராவில் 10 பிட், 4:2:2, எச்.265 என்று வைத்து எடுத்திருந்தார். விண்டோஸில் இலவசப் பதிப்பு அந்த வகைக் கோப்பைப் பிரிக்காது. கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவில்தான் திறக்கும். அவன் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இல்லை. எடிட்டில் நிறத்தை இழுத்துப் பிடிக்க அதிக இடம் தருவது 10 பிட் 4:2:2. ஆனால் ஆறு மணி நேரம் ஓடும் சம்பிரதாய வீடியோவுக்கு அது தேவையா என்பதைப் படம் எடுக்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். மாலை மாற்றும் ஐந்து நிமிஷக் கேண்டிட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும். பந்தி வீடியோவுக்கு 8 பிட், 4:2:0 போதும். அதை இலவசப் பதிப்பு ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும்.

எடுத்தது எடுத்தாயிற்று, என்ன செய்வது? ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் டிஎன்எக்ஸ்எச்ஆர் வகைக் கோப்பாக மாற்றலாம். ஆனால் 4கேயில் 10 பிட் தரம் குறையாமல் மாற்றினால் ஒரு மணி நேரப் படம் 300 ஜிபி அளவுக்கு ஊதிவிடும். ஹைலைட்ஸுக்கு வேண்டிய நாலைந்து கிளிப்புக்குச் சரி, முழுக் கல்யாணத்துக்கு ஆகாது.

இதே இடத்தில் இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புதுக் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் இதில்தான் காசைக் கொட்டி ஏமாறுகிறார்கள். "கிராபிக்ஸ் கார்டு பெருசாப் போட்டா எல்லாம் ஓடும்" என்பது கடைக்காரர் வாக்கு. ஆனால் 4:2:2 எச்.265ஐப் பிரிக்கும் வன்பொருள், 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகளில் கிடையாது. எவ்வளவு விலையுள்ள கார்டாக இருந்தாலும் இந்தக் கோப்புக்கு அது கை கொடுக்காது. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பிராசசருக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராபிக்ஸில் அந்த வசதி உண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது. பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால், உதாரணத்துக்கு ஐ5-12400எஃப், அதில் அந்த உள் கிராபிக்ஸே இருக்காது. ஒன்றிரண்டாயிரம் மிச்சம் என்று எஃப்பை வாங்கி, முப்பதாயிரத்துக்குக் கார்டும் போட்டு, டைம்லைன் திக்குகிறது என்று வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியூ பக்கத்தில் வீடியோ டிகோட் என்ற வரைகோட்டைப் பாருங்கள். படம் ஓடும்போது அது தரையோடு படுத்திருந்து, பிராசசர் மட்டும் நூறைத் தொட்டு நின்றால் காரணம் புரிந்துவிடும். விண்டோஸில் எச்.264, எச்.265ஐ வன்பொருள் உதவியோடு பிரிப்பதும் ஸ்டூடியோவுக்கு உரிய வசதி என்பதை இலவசக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் என் பழைய ஐ5இல் ஒரு மாதம் எப்படி ஓடியது? ப்ராக்ஸிதான். மூலப் பத்திரத்தைப் பீரோவில் பூட்டிவிட்டு ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறோமே, அதே கதை. கேமரா தரும் எச்.264, எச்.265 கோப்பில் எல்லாப் படமும் முழுப் படமாக இருக்காது. எப்போதாவது ஒன்று முழுசு. நடுவில் வருவதெல்லாம் முந்தியதிலிருந்தும் பிந்தியதிலிருந்தும் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். கார்டில் இடம் மிச்சமாகும், ஆனால் டைம்லைனில் நீங்கள் ஓரிடத்தில் சட்டென்று நின்றாலோ பின்னால் ஓட்டினாலோ கம்ப்யூட்டர் அத்தனையையும் மறுபடி கூட்டிக் கழிக்க வேண்டும். ப்ராக்ஸியை அமைக்கும் டிஎன்எக்ஸ்எச்ஆரில் ஒவ்வொரு படமும் தனித்தனி முழுப் படம், கணக்கு கிடையாது. மீடியா பூலில் எல்லாக் கிளிப்பையும் தேர்ந்து, வலது கிளிக்கில் ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். காலையில் வந்தால் தயாராக இருக்கும்.

இடத்தைக் கணக்குப் பார்த்துவிடுவோம். நொடிக்கு 100 மெகாபிட் ஓடும் 4கே, மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம் என்றால் 540 ஜிபி. அதையே 1080இல், நொடிக்கு 36 மெகாபிட் ப்ராக்ஸியாக்கினால் மொத்தமும் 200 ஜிபிக்குள். மூலம் யூஎஸ்பி ஹார்ட்டிஸ்கில் கிடக்கட்டும், ப்ராக்ஸியை மட்டும் 500 ஜிபி எஸ்எஸ்டியில் வையுங்கள். மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓடும்போது திக்குவதற்கு, ஹார்ட்டிஸ்கின் ஊசி மூன்று இடத்துக்கும் தாவித் தாவி ஓடுவதும் ஒரு காரணம். அவுட்புட் எடுக்கும்போது டாவின்சி தானாகவே மூலத்துக்குப் போய்விடும், டெலிவர் பக்கத்தில் ப்ராக்ஸியைப் பயன்படுத்து என்ற பெட்டியில் நீங்களே டிக் போட்டிருந்தால் தவிர. ஜிபியூ மெமரி ஃபுல் என்று வந்தால் அதற்கு ப்ராக்ஸி மருந்தல்ல, டைம்லைனை 1080க்கு இறக்குங்கள். 4 ஜிபி கார்டுக்கு அதுதான் அளவு.

மூன்று கேமராவைச் சேர்த்துக் கோப்பதில் டாவின்சி என்னை அசத்தியது. ஒலி அலையை வைத்துத் தானே ஒத்துப்பார்த்துக்கொள்கிறது. சினிமாவில் கிளாப் அடிப்பார்கள், நமக்குக் கெட்டிமேளம். தவிலின் முதல் அடி மூன்று கேமராவிலும் சுவர்போல் எழும்பி நிற்கும், தப்பவே தப்பாது. திணறியது பந்தி சத்தத்தில்தான்.

புராஜெக்ட் தொடங்கும் முன் ஒன்றைக் கவனித்தே ஆக வேண்டும். முதல் கிளிப்பை டைம்லைனில் போட்டதும் அதன் ஃப்ரேம் ரேட் பூட்டிக்கொள்ளும், பிறகு மாற்ற விடாது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். அதனால்தான் நாம் 25 ஃப்ரேமில், ஷட்டரை 50இல் ஒன்று என வைத்து எடுக்கிறோம். டைம்லைனையும் 25 என்று முதலிலேயே வைத்துவிடுங்கள். வில்லங்கம் மாமா கையில் இருக்கும் மொபைலில் வருகிறது. "தம்பி, ஊஞ்சலப்ப நான் எடுத்ததையும் சேத்துருங்க" என்பார். அது 30 ஃப்ரேம். அதுவும் நிலையாக 30 அல்ல, வெளிச்சத்துக்குத் தக்க ஏறி இறங்கும். அப்படியே போட்டால் பாட்டு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் தேர்ந்து மாற்றிய பிறகே உள்ளே விடுங்கள். ஐபோன் என்றால் படம் வெளுத்துப்போயும் தெரியலாம். 12ஆம் மாடலிலிருந்து அது எச்டிஆரில் எடுப்பதுதான் காரணம். கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற எஃபெக்டைப் போட்டு ரெக் 709க்கு இறக்கினால் சரியாகிவிடும்.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எடியஸில் புராஜெக்ட் என்பது ஃபோல்டருக்குள் கிடக்கும் ஒரு கோப்பு. ஃபோல்டரைத் தூக்கி வேறு டிஸ்கில் போட்டால் வேலை முடிந்தது. டாவின்சியில் புராஜெக்ட் ஒரு டேட்டாபேஸுக்குள் இருக்கிறது, நாம் எதுவும் சொல்லாவிட்டால் சி டிரைவிலேயே. இது தெரியாமல் ஆடி நடுவில் விண்டோஸை ஃபார்மேட் அடித்தேன். மீடியா எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருந்தது. ஒரு காதுகுத்து விசேஷத்தின் மூன்று நாள் வேலை மட்டும் போன இடம் தெரியவில்லை. பார்ட்டிக்கு அவசரமில்லை என்பதால் தப்பித்தேன். இப்போது தினம் கடை சாத்தும் முன் புராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் போட்டுக்கொள்கிறேன். பிரிஃபரன்ஸில் புராஜெக்ட் பேக்கப்பையும் போட்டு, அது சேரும் இடத்தை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டேன். மற்றபடி லைவ் சேவ் நல்ல சாமான். மாறும் ஒவ்வொன்றையும் அப்போதைக்கப்போதே எழுதிவைப்பதால், கரண்ட் போய்த் திரும்பினால் விட்ட இடத்திலேயே நிற்கிறது.

ஆனால் ரெண்டரிங் ஓடும்போது கரண்ட் போனால் லைவ் சேவால் ஆவது ஒன்றுமில்லை. எம்பி4 கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும், பாதியில் நின்ற கோப்பு எதிலும் திறக்காது. யூபிஎஸ் பேட்டரி பழசானவர்கள் மூன்று மணி நேரத்தை ஒரே கோப்பாகக் கொடுக்காதீர்கள். எப்படியும் பிரிக்க வேண்டியதுதான்: பார்ட்டி வீட்டுப் பழைய டிவி படிக்கும் ஃபேட்32 பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் ஏறாது. 1080இல், நொடிக்கு 10 மெகாபிட் வைத்தால் 50 நிமிஷத்துக்கு ஒரு பாகம் என்று வெட்டலாம். நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று தானாகவே அமைந்தும் விடும். டிவிக்கு எச்.264 கொடுங்கள். எச்.265 கொடுத்துவிட்டு, "படம் ஓடலைங்க" என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வாங்காதீர்கள்.

தமிழ் டைட்டிலை நம்பி இறங்கும் முன் "மீனாட்சி சொக்கநாதர்" என்று அடித்துப் பாருங்கள். சொ உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நின்றால் வேறு எழுத்துரு, வேறு டைட்டில் கருவி என்று முயலுங்கள். நான் அலட்டிக்கொள்ளவில்லை. போட்டோஷாப்பில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாகக் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன். பாமினி எழுத்துரு காலத்துப் பழக்கம், இன்னும் காலை வாரியதில்லை.

எடியஸ்காரருக்கு விரல் பழகப் பத்து நாளாவது பிடிக்கும். பிரீமியர், ஃபைனல் கட், அவிட் விசைப்பலகைகளை உள்ளேயே வைத்திருக்கிறார்கள், எடியஸுக்கு வைக்கவில்லை. வெட்டுவதற்கு சி விசையை நானே ஒதுக்கிக்கொண்டேன். கலப்படக் கோப்புகளை ரெண்டர் கேட்காமல் ஓட்டுவதில் எடியஸ் இன்னும் ராஜாதான். அவசர வேலைக்கு அதை எடுத்துவைத்திருக்கிறேன்.

ஸ்டூடியோ வாங்கலாமா? 295 டாலர், ஒரே தடவை. மாதச் சந்தா இல்லை, ஒரு சாவியை இரண்டு கம்ப்யூட்டரில் போடலாம். வரியெல்லாம் சேர்த்தால் முப்பதாயிரத்தை நெருங்கும், ஒரு நடுத்தர ஆல்பத்தின் காசு. இருட்டு மண்டபத்துப் புள்ளிகளைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்ஷன், பேச்சைத் தனியாகப் பிரித்தெடுக்கும் வாய்ஸ் ஐசோலேஷன் இரண்டும் அதில்தான். பின்னது எனக்கு நிச்சயம் தேவை: மணமக்கள் பேட்டியை ஒருமுறை என் அறையிலேயே பதிவு செய்தேன், பெண் "எங்க அப்பாதான்..." என்று தழுதழுக்கும் இடத்தில் கீழேயிருந்து தேனி வண்டிக் கண்டக்டர் குரல் கொடுத்துவிட்டார். ஆனால் இந்த ஐ5இல் நாய்ஸ் ரிடக்ஷனைப் போட்டால் ஒரு முகூர்த்தம் ரெண்டராக மறு முகூர்த்தம் வந்துவிடும். அதனால் ஆவணி வரும்படியில் முதலில் மதர்போர்டும், எஃப் இல்லாத பிராசசரும். அதுவரைக்கும் ஓட்ட, ஹீட்சிங்க்கைப் பிரித்து பஸ் ஸ்டாண்டுப் புழுதியைத் தட்டினேன், இரண்டு விரற்கடை கம்பளிபோல் வந்தது. ஒன்றும் வாங்காமலே பாதிச் சூடு இறங்கிவிட்டது.