ஹெரேஸின் மதுக்கூடங்கள்: மூன்று ஊர், மூன்று மரபு

ஒயின் ஊர்களுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது திராட்சைத் தோட்டம் எங்கே என்றுதான். தெற்கு ஸ்பெயினின் ஹெரேஸ் வட்டாரத்தில் அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைக்கலாம். பாலோமினோ திராட்சை விளைவது ஊருக்கு வெளியே, வெள்ளைவெளேரென்ற அல்பரிசா சுண்ணாம்பு மண்ணில். அது ஷெர்ரி என்னும் ஒயின் ஆவதோ பழைய தெருக்களுக்கு நடுவே, ‘பொதேகா’ என்னும் மதுக்கூடத்துக்குள்.

அந்தக் கட்டடமே ஒரு கருவி. பருத்த சுவர், தேவாலயம் அளவுக்கு உயர்ந்த கூரை, எட்டாத உயரத்தில் சிறு சன்னல்கள். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரமான மேல்காற்றுக்கு வழி விடுவார்கள். கிழக்கிலிருந்து வீசும் ‘லெவாந்தே’ அனல்காற்றைப் புல்பாய் கட்டித் தடுப்பார்கள். தரையில் மஞ்சள் மணல். கோடையில் அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே நுழைந்தால் ஈர மரமும் வாதுமையும் கலந்த ஒரு வாசனை முகத்தில் வந்து மோதும். அந்த வாசனைக்காகவே போகலாம்.

இவ்வளவு பாடும் ‘ஃப்ளோர்’ என்ற ஈஸ்ட் ஏட்டுக்காக. 600 லிட்டர் பிடிக்கும் பீப்பாயில் 500 லிட்டர்தான் ஊற்றுகிறார்கள். மீதி இடத்துக் காற்றில் ஒயினின்மேல் ஏடு படர்கிறது. ஆல்கஹால் 15 சதவீத அளவில் இருந்தால் ஏடு வாழும். ஒயின் வெளிறி, உலர்ந்து, ‘ஃபினோ’ ஆகும். ஆல்கஹால் சேர்த்து 17க்கு மேல் ஏற்றினால் ஏடு நிற்காது. காற்றுப்பட்டுக் கருத்து ‘ஒலொரோசோ’ ஆகும். சில காலம் ஏட்டின் கீழும் பிறகு காற்றிலும் முதிர்ந்தது ‘அமொந்தியாதோ’. எதிலும் அடங்காத ‘பாலோ கொர்த்தாதோ’ என்றொரு வகையும் உண்டு; அதற்கு இலக்கணம் சொல்ல இரண்டு கூடக்காரர்களைக் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும்.

பீப்பாய்களை அடுக்கடுக்காக வைத்து, கீழடுக்கான ‘சொலெரா’விலிருந்து விற்பனைக்கு ஒரு பங்கு எடுப்பார்கள். அந்த இடத்தை மேலடுக்கு ஒயின் நிரப்பும். எந்தப் பீப்பாயும் முழுதாகக் காலியாவதில்லை. கண்ணாடி முகப்பு பதித்த ஒரு பீப்பாயில் ஏட்டைக் காட்டிவிட்டுக் கடைக்கு அனுப்பும் கூடங்கள் உண்டு. மேலடுக்கு, கீழடுக்கு இரண்டிலிருந்தும் ‘வெனென்சியா’ என்ற நீளக்காம்பு அகப்பையால் மொண்டு கொடுத்து, வேற்றுமையை நம் நாக்குக்கே விடும் கூடங்களும் உண்டு. என் வாக்கு இரண்டாவதற்குத்தான்.

ஹெரேஸ் நகரம் ஆடம்பரத்தின் பள்ளி. 1835இல் தொடங்கிய கொன்சாலெஸ் பியாஸ் கூடம் ஒரு சிற்றூர் அளவுக்குப் பரந்தது. உள்தெருவொன்றில் கொடிகள் பந்தலாகக் கவிந்திருக்கின்றன. எலிகள் ஏறிக் குடிக்க, இனிப்பு ஒயின் நிரப்பிய கோப்பையில் குட்டி ஏணி சாய்த்து வைத்திருப்பதும் அங்கேதான். விளையாட்டு என்றாலும் சிரிக்காமல் வர முடியாது. அமைதி வேண்டுவோர் 1998இல் தொடங்கிய பொதேகாஸ் திரதிசியோனுக்குப் போகலாம். மிகப் பழைய ஒயின்களையே பெருமையாகக் கொண்ட அந்தக் கூடத்தில் கோயா, எல் கிரேக்கோ ஓவியங்களும் தொங்குகின்றன.

குவாதல்கிவிர் ஆறு கடலில் கலக்கும் சான்லூக்கரில் ஈரப்பதம் அதிகம். ஏடு ஆண்டு முழுவதும் தடித்திருக்கும். அங்கே முதிர்வதற்கு ‘மன்சானில்லா’ என்று தனிப் பெயர், 1964 முதல் தனிப் புவிசார் தகுதி. பார்பாதியோ கூடத்தில் அதற்கென ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. கூடத்திலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்து, இறாலோடு ஒரு கோப்பை குளிர்ந்த மன்சானில்லா. மூன்று ஊரில் ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் நான் சொல்வது இதைத்தான். எல் புவெர்த்தோ தே சாந்தா மரியா இரண்டுக்கும் இடைப்பட்ட சுவை. அங்கே குவாதலேத்தே ஆற்றை ஒட்டிய குத்தியெர்ரெஸ் கொலோசியா குடும்பக் கூடம் போதும்.

தர நிர்ணயத்தில் ஹெரேஸ் ஸ்பெயினுக்கே முன்னோடி. அதன் ஒழுங்காற்று மன்ற விதிகள் 1935இல் வந்தன. 20 ஆண்டு, 30 ஆண்டு முதிர்ந்தவை என்று முத்திரை குத்துவதற்குச் சுயேச்சையான சுவைக்குழு ஒப்ப வேண்டும். 30 ஆண்டு முத்திரையோடு ஒரு லிட்டர் விற்றால் அதே சொலெராவில் 30 லிட்டர் இருப்பு இருந்தாக வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு பள்ளி கிளம்பியிருக்கிறது. வில்லி பெரேஸ், ராமிரோ இபாஞெஸ் போன்ற ஒயின் செய்வோர் ஏட்டையும் பீப்பாயையும் மட்டும் பேசிப் பேசி மண்ணை மறந்துவிட்டோம் என்கிறார்கள். மச்சார்னூதோ போன்ற தனித்தனித் திராட்சை மேடுகளின் பெயரிலேயே, ஆல்கஹால் சேர்க்காமலும் ஒயின் செய்கிறார்கள். பழைய கூடக்காரர்கள் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. எனக்கும் முழுச் சம்மதமில்லை. ஆனாலும் ஒரு நாள் மிச்சமிருந்தால், காலை வெயில் ஏறுவதற்குள் அந்த வெள்ளை மேடுகளில் ஒன்றின்மேல் ஏறிப் பார்த்துவிட்டு வருவதே நியாயம்.