பொடியும் குப்பியும்

செட்டிநாட்டு ஆச்சிமார்களின் முகம் எழுபது வயதிலும் வழவழப்புக் குன்றாமல் இருந்ததென்றும், சோப்புக்கட்டியைத் தொடாமல் பாசிப்பயற்று மாவும் கஸ்தூரி மஞ்சளும் தேய்த்துக் குளித்ததே அதற்குக் காரணமென்றும் காரைக்குடிப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதற்கூற்றை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. ஆனால் இரண்டாவது கூற்று முதலாவதிலிருந்து தானாகப் பிறந்துவிடுவதில்லை என்பதையும், இடையே சொல்லாமல் விடப்பட்ட காரணங்கள் சில உண்டு என்பதையும் கவனித்த பிறகுதான், இன்று முகத்துக்கென்று எதை வாங்குவது, எதை விடுவது, எந்த வழக்கத்தைக் கைக்கொள்வது என்ற விசாரணைக்குள் நுழைய வேண்டும்.

விடப்பட்ட காரணங்களில் முதன்மையானது வீடு. காரைக்குடி, தேவகோட்டை என எங்கே பார்த்தாலும், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற அந்தப் பெரிய வீடுகளில், வெயில் இறங்குவது நடு முற்றத்தில் மட்டுமே. முற்றத்தைச் சுற்றியோடும் தாழ்வாரங்களில் நிழல் பகல் முழுவதும் கலையாது. அந்த நிழலிலேயே விடிந்து அந்த நிழலிலேயே பொழுது சாய்ந்த வாழ்க்கை ஆச்சிமாருடையது. அதே ஊர்களின் வயற்காட்டில் களை பறித்த பெண்களும், அந்த வீடுகளைக் கட்டும்போது சுண்ணாம்புச் சாந்து சுமந்த பெண்களும் அதே மஞ்சளைத்தான் பூசினார்கள். அவர்கள் முகத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வாரைக் காணோம். நாற்பது வயதிலேயே அவர்கள் நெற்றியில் விழுந்த வரிகளுக்கு மஞ்சள் ஜவாப்தாரி இல்லையென்றால், ஆச்சியின் வழவழப்புக்கு மட்டும் மஞ்சளுக்குப் பெருமை சேர்ப்பது நியாயமாகாது. முகத்தில் நாம் முதுமை என்று காண்பதில் பெரும்பங்கு சூரியனின் புற ஊதாக் கதிர்கள் செய்த வேலை என்பது தோல் மருத்துவத்தில் ஐயத்துக்கு இடமில்லாத முடிவு. நம்மவரின் கருமையும் மாநிறமும் இயற்கை தந்த ஓரளவு காவல். முழுக் கவசம் அன்று.

பொடி வீண் என்று இதனால் பொருள்படாது. 1928ஆம் ஆண்டு ஷாடே, மார்க்கியோனினி என்ற ஜெர்மானிய மருத்துவர் இருவர், மனிதத் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை உடையதென்றும், அதுவே தோலுக்கு ஒரு போர்வையாக நிற்கிறதென்றும் எடுத்துரைத்தார்கள். அமில, காரத் தன்மையை அளக்கும் கணக்கில் தோலின் எண் ஏறத்தாழ ஐந்து; எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சிய சாதாரணச் சோப்பின் எண் ஒன்பது, பத்து. சோப்புப் போட்டுக் கழுவியபின் முகம் இழுத்துப் பிடித்தாற்போல் இருப்பதைச் சுத்தத்தின் அடையாளமென்று எண்ணி மகிழ்கிறோமே, அது தன் எண்ணெயையும் ஈரத்தையும் பறிகொடுத்த தோலின் முறையீடு. வறுக்காமல் அரைத்துத் துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்த பயற்றமாவு இவ்வளவு பறிப்பதில்லை. மிகுதியான எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சிக்கொண்டு நீரோடு போய்விடுகிறது. பழைய முறையின் மெய்யான சிறப்பு இந்த மென்மையிலும், வேறு பண்டங்களைத் தேடாத அதன் சிக்கனத்திலும் இருக்கிறதேயன்றி, மூலிகைகளின் நீண்ட பட்டியலில் இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

ஏனெனில் பட்டியலைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினால் சங்கடங்களும் தொடங்குகின்றன. நலங்கு மாவு என்றும் குளியல் பொடி என்றும் வழங்குவதில் பாசிப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ், கார்போகரிசி எனப் பலவும் சேர்வதுண்டு. இவற்றில் பெரும்புகழ் பெற்ற கஸ்தூரி மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். மெய்யான கஸ்தூரி மஞ்சள் கிழங்கை உடைத்தால் உட்புறம் வெளிர்ந்து சந்தன நிறத்தை ஒட்டியிருக்கும். கர்ப்பூர வாசனை தூக்கலாக வரும். விரலில் தேய்த்தால் கறி மஞ்சளைப்போல் அழுத்தமாக ஒட்டாது. கடைத்தெருவில் அந்தப் பெயரில் கிடைப்பதோ பெரும்பாலும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு கிழங்கு. பல இடங்களில் பூலாங்கிழங்கே கஸ்தூரி மஞ்சளாக வேஷம் போடுகிறது. கிழங்காக வாங்கினாலாவது உடைத்துப் பார்க்கலாம். பொடியாக்கிப் பொட்டலம் கட்டிவிட்டால் வாங்குபவருக்கு மிஞ்சுவது நம்பிக்கை ஒன்றுதான். பளீரென்ற நிறத்துக்காக ஈயக் குரோமேட்டும் மெட்டானில் மஞ்சள் என்ற சாயமும் மஞ்சள் தூளில் கலக்கப்படுவது உணவுக் கலப்படம் பற்றிய நூல்களில் பழகிப்போன செய்தி. சாப்பிடக் கூடாதென்று நாம் அஞ்சுகிற அதே தூள், முகத்துக்கு என்றால் மட்டும் பரிசுத்தம் ஆகிவிடுவதில்லை.

கார்போகரிசியின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. வெண்புள்ளிக்குச் சித்த வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் விதை இது. அதில் இருக்கும் சோராலன் என்ற பொருளின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகளைத்தான் நவீன மருத்துவரும் அந்நோய்க்குப் பூசி, பிறகு அளந்து புற ஊதா வெளிச்சம் காட்டுகிறார். அதாவது, வெளிச்சத்துக்குத் தோல் மிகையாக இணங்கும்படி செய்வதே அதன் சுபாவம். அளவு மீறினால் தோல் சிவந்து கொப்புளித்து, ஆறிய இடம் கருத்துப்போகும். வெண்புள்ளியில் நிறம் வரவழைக்கும் பொருளை, நிறம் குறைய வேண்டுமென்ற ஆசையோடு முகத்தில் பூசிக்கொள்வது விசித்திரந்தான். குளியலறையில் தேய்த்து உடனே கழுவிவிடும்போது தங்குகிற அளவு சொற்பம் என்பதால் பலருக்கு ஒன்றும் நேர்வதில்லை. அந்தப் பொடியையே தயிரில் குழைத்து அரைமணி நேரம் முகத்தில் ஊறவைத்துவிட்டு, பத்து மணி வெயிலில் இருசக்கர வண்டியில் கல்லூரிக்குக் கிளம்புகிற பெண்ணுக்கு அதே உத்தரவாதம் கிடையாது. ஆச்சி காலத்தில் இப்பொருள் நிழலில் தேய்க்கப்பட்டு நிழலிலேயே தங்கிற்று. பழக்கத்தை மட்டும் பெயர்த்தெடுத்து, அது நின்ற சூழ்நிலையை விட்டுவிட்டோம்.

செட்டியார்கள் கொண்டுவிற்கப் போன பர்மாவில் இதற்கு நேர்மாறான வழக்கம் உண்டு. தனக்கா என்ற மரத்தின் பட்டையைக் கல்லில் நீர்விட்டு இழைத்து, அந்தக் குழம்பைக் கன்னத்தில் அப்பிக்கொண்டே அந்நாட்டுப் பெண்கள் பகல் வேலைக்குப் போகிறார்கள். பூச்சு முகத்தைவிட்டு இறங்குவதில்லை. அது சிறந்த கவசமோ அன்றோ, வெயிலுக்குப் போகும்போது முகத்தில் ஒரு மறைப்பு வேண்டும் என்ற தெளிவு அதில் இருக்கிறது. தேக்கு கப்பலேறி வந்த வழியில் இந்தப் பழக்கம் வரவில்லை. எலுமிச்சைச் சாறு தேய்ப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்: அது கடுமையான அமிலம், வெயில் பட்டால் தழும்பு விடுவது, விட்டுவிடத்தக்கது.

இனிக் குப்பிகளுக்கு வருவோம். அங்காடியில் வரிசையாக நிற்கும் முகங்கழுவி, ஈரப்பசை கிரீம், சீரம், சன்ஸ்கிரீன் ஆகியவற்றின் முதற்பெருமை, உள்ளே இருப்பதை மேலே எழுதியிருக்கிறார்கள் என்பது. 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இரண்டாவது பெருமை சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி, நாள்தோறும் அதைப் பூசியவர்களின் தோல், விருப்பப்படி பூசியவர்களின் தோலைவிட 24 சதவீதம் குறைவாக முதிர்ந்ததாகக் காட்டிற்று. இவ்வளவு திடமான சான்று பொடிக்கும் இல்லை, சீரங்களில் பெரும்பாலானவற்றுக்கும் இல்லை. ஆனால் அங்கே ஆராயப்பட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அந்தச் சதவீதத்தை அப்படியே சிவகங்கைச் சீமைக்குக் கொண்டுவர முடியாது. நம் பெண்களுக்கு முப்பது வயதுக்குமேல் கன்னத்தில் படரும் மங்குதான் சுருக்கத்தைவிடப் பெரிய வருத்தம். மங்கைக் கறுக்கச் செய்வதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கிருப்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, இலேசான நிறமுள்ள சன்ஸ்கிரீனே அவர்களுக்குப் பொருந்தும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். பற்றுவரவு எழுதிப் பேர்பெற்ற சீமையில் அதை விட்டுவிடலாகாது. சன்ஸ்கிரீனின் அட்டையில் போட்டிருக்கும் காப்பு எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் வீதம் பூசி அளந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் அந்தப்படி பூசினால் ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிராம் ஆகும். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் அவ்வளவு வரும். காலையும் மதியமும் பூசுகிறவருக்கு 50 கிராம் குழாய் இருபது நாளில் தீர்ந்துவிடும். மூன்று மாதம் வருகிறது என்று மெச்சிக்கொள்பவர், அட்டையில் கண்ட காப்பில் சிறு பங்கையே பெறுகிறார். ஆகவே விலையுயர்ந்த ஒன்றைப் பொட்டளவு பூசுவதைவிட, காப்பு எண் 30 உள்ள மலிவான ஒன்றைத் தாராளமாகப் பூசுவது சிலாக்கியம். 30 என்பது தோலைச் சிவக்க வைக்கும் கதிர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்பது 98. அந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டை விலை கொடுப்பது அநாவசியம். குடைக்கு எண்ணே இல்லை; ஆனாலும் நடந்து போகிறவருக்கு அதைவிட மலிவான சாதனம் கிடையாது.

குப்பிகளின் தோஷம் அவற்றின் பெருக்கத்தில் இருக்கிறது. ஒரே இரவில் அமிலமும் வைட்டமினும் ரெட்டினாலும் அடுக்கிப் பூசி, எரிச்சல் கண்டபின் எரிச்சலுக்கென்று நான்காவது குப்பி வாங்குகிற நிலை வந்திருக்கிறது. பழைய கார்போகரிசியிலிருந்து பிரித்தெடுக்கும் பாக்குசியோல், ரெட்டினாலுக்கு மாற்று என்ற பட்டத்தோடு உயர்ந்த விலைக்குத் திரும்பி வந்திருப்பதும் ஒரு வேடிக்கை. சோராலனை நீக்கிச் சுத்தம் செய்த வடிவம் ஆகையால் அதில் ஆபத்து குறைவு. விலை மட்டும் குறைவில்லை.

இவற்றைவிட மோசமானது வெளுப்பு ஆசை. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் 2020இல் தன் பெயரிலிருந்து வெண்மையை நீக்கிக்கொண்டது, ஆசை நீங்கவில்லை. மணப்பெண்ணுக்கு நலங்கு வைத்த பொடியிலும் அந்த ஆசை இருந்ததே என்பதால், பழைமையின் பக்கம் நின்று புதுமையை மட்டும் நிந்திக்க எனக்கு மனம் வரவில்லை. பொடி அந்த ஆசையை நிறைவேற்ற முடியாமல் தோற்றதால் கேடு செய்யவில்லை. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசுகிற ஸ்டீராய்டுக் கலவைக் களிம்போ சில வாரங்களில் முகத்தை வெளுக்க வைத்து, பிறகு தோலை மெலியச் செய்து, சிவப்பும் பருவும் முடிவளர்ச்சியும் கொடுத்து, நிறுத்தவும் முடியாதபடி கட்டிப்போடுகிறது. 2018இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று அறிவித்த பின்னும் பழக்கம் ஒழிந்தபாடில்லை. 2023இல் கேரளத்தின் மலப்புறத்தில் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டது வெளிப்பட்டது. கிரீமில் இருந்த பாதரசமே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது.

ஆகையால் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வழக்கத்தைப் பழைமையிலிருந்தும், பண்டத்தைப் புதுமையிலிருந்தும் எடுத்துக்கொள்வது நல்லது. காலையில் வெறும் நீர் போதும். பிசுக்குள்ளவர் சோப்பல்லாத மென்கழுவியோ, சலித்த பயற்றமாவோ கொள்ளலாம். வறண்ட தோலுக்குக் கிளிசரின் கலந்த எளிய கிரீம். வெயிலுக்குப் போகிறவருக்குச் சன்ஸ்கிரீன். வீட்டு நிழலில் இருப்பவர் அதற்காக அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இரவில் ஒருமுறை கழுவி, வேண்டுமானால் மீண்டும் அதே கிரீம். எண்ணெய்க் குளியலை விட வேண்டாம். பரு உள்ளவர் முகத்தை மட்டும் அதிலிருந்து விலக்கிக்கொள்ளட்டும். எதைப் புதிதாகத் தொடங்கினாலும் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்த்துத் தொடங்க வேண்டும். ஒன்றைத் தொடங்கி ஒரு மாதமாவது ஆகாமல் மற்றொன்றைச் சேர்க்கலாகாது. மங்கும் பருவும் விடாப்பிடியாக நின்றால் தோல் மருத்துவரிடம் போவதே, ஆறு குப்பி வாங்குவதைவிட முடிவில் செலவு குறைந்த வழி.

நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. காரைக்குடிக்கு அருகே கோவிலூரில் சாயத் தொழிலுக்கான சோடியம் ஹைட்ரோசல்பைட்டு செய்யும் ரசாயன ஆலை ஒன்று இருக்கிறது. துணிக்குப் போகும் அந்தச் சரக்குக்கூடப் பெயரும் எச்சரிக்கையும் எழுதாமல் வெளியே போகக் கூடாது. முகத்துக்குப் போகும் குளியல் பொடியை மட்டும் ஒன்றும் எழுதாத பொட்டலத்தில் கட்டித் தருவது முறையன்று. என்னென்ன சேர்ந்திருக்கிறது, எந்த மாதம் அரைத்தது, கார்போகரிசி உண்டா இல்லையா என்ற மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வாங்குகிறவர்களும் சீட்டில்லாத பொட்டலத்தைத் திருப்பிக் கொடுங்கள்.