புண்ணைக் கிழித்துக்கொள்ளாதவன்

பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். 1751இல் இந்த வாலிகண்டபுரம் சுற்றுவட்டாரத்தில் சந்தா சாகிப் – பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பக்கம், முகமது அலி – கும்பெனி மறுபக்கம் என்று மோதினார்கள். வெள்ளைக்காரப் படை மிரண்டு ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. அதில் கிளைவும் இருந்தான். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. சரி, கால் போனவன் என்ன ஆனான்? அவனுக்கு அறுபது வயசானபோது யார் கஞ்சி ஊற்றினார்கள்?

எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த புறத்திணையில் இதற்குப் பதில் உண்டு. பயங்கரமான பதில். காஞ்சித்திணையில் புண்பட்டவனுக்குத் துறைகள் இருக்கின்றன. பேய் தீண்டாமல் மனைவி காவலிருக்கலாம். அரிசில்கிழார் பாட்டில் வீட்டில் வேம்பு செருகி, ஐயவி சிதறி, பாடிக் காக்கிறார்கள். இல்லையென்றால் மறக்காஞ்சி: அவனே தன் புண்ணைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டும். புண் ஆறி, நொண்டியாக, முப்பது வருஷம் கிழவனாய்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தச் சொல்லாடலில் துறை இல்லை. நமது பிரதி அவனைச் சாகச் சொல்கிறது. செத்தால் கல் நடுகிறது.

கல்லோடு நிலமும் வந்தது. நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி என்று கல்வெட்டுகள் சொல்வது பெரும்பாலும் செத்தவன் வீட்டாருக்கு விட்ட மானியம். ‘அப்பவே நம்மகிட்ட பென்ஷன் இருந்தது’ என்று மேடையில் முழங்குகிற நண்பர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. பாளையத்துச் சேவகனுக்கு விட்ட நிலமோ ஊழியத்தோடு கட்டுண்டது. ஈட்டி பிடிக்கும் கை போனபின் நிலத்தின் மேல் அவனுக்கு என்ன பிடி? இன்றைய அரியலூர் மாவட்டத்திலிருக்கிற கங்கைகொண்ட சோழபுரம்தான் முதலாம் குலோத்துங்கனின் தலைநகர். அவனது கலிங்க வெற்றியைப் பாடிய பரணியில் களத்தில் கூழ் காய்ச்சுகிறார்கள். குடிப்பவை பேய்கள்.

ஐரோப்பாவைத் தூக்கிப்பிடிக்க இதைச் சொல்லவில்லை. 1593இல் இங்கிலாந்து சட்டம் போட்டது: ஊனமான சிப்பாய்க்கு ஒவ்வொரு திருச்சபை வட்டமும் வாராவாரம் வரி கட்ட வேண்டும். சாதாரணச் சிப்பாய்க்கு ஆண்டுக்குப் 10 பவுனுக்கு மேல் கிடையாது. தளபதியின் சான்று வேண்டும். பிச்சையெடுத்துப் பிடிபட்டால் உதவித்தொகை போச்சு, தண்டனையும் உண்டு. கருணையைவிடப் பயம் அதிகம், ஆயுதம் பழகியவன் சாலையில் திரிகிறானே என்று. உள்நாட்டுப் போருக்குப் பிறகு இன்னும் மோசம். 1640களில் பாராளுமன்றத்துக்காக அடிபட்டவனின் புண் புண்ணாக இருந்தது. 1662க்குப் பிறகு அரசனுக்காக அடிபட்டது மட்டுமே புண். பாரீஸில் 1670இலும் செல்சியில் 1682இலும் மாளிகைகள் கட்டினார்கள். அரசனின் பெருமை கட்டடத்தில் தெரிய வேண்டுமில்லையா? ஃபூக்கோ படித்தவர்களுக்கு அந்தச் சுவர்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்று நடந்தது. உதவி வாங்க அவன் மனுப் போட வேண்டியிருந்தது. எழுத்துத் தெரியாதவன்கூட யாரையோ பிடித்து எழுதவைத்தான். எந்தச் சண்டை, எந்தக் குண்டு, எத்தனை பிள்ளைகள். நடுகல்லில் பேசுவது ஊர். மனுவில், கெஞ்சலாகத்தான் என்றாலும், பேசுவது அவன்.

வாலிகண்டபுரத்திலிருந்து பின்வாங்கிய அதே கிளைவ் 1770இல் ஒரு நிதி வைத்தான். மீர் ஜாபர் விட்டுப்போன 5 லட்சம் ரூபாய். வங்காளத்தை உறிஞ்சிய காசு. கும்பெனியின் ஊனமான ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் அது போனது. கறுப்புச் சிப்பாய்க்கு வேறு ஏற்பாடு: பாகல்பூர்ப் பக்கம் காடு திருத்திக் குடியேறு என்றார்கள். சண்டையில் தேய்ந்த உடம்பிடமே காடு வெட்டும் வேலையும் வாங்கினார்கள்!

அரியலூர், உடையார்பாளையம் பக்கத்துச் சேவகனுக்கு அதுவும் இல்லை. பாளையக்காரர்களுக்கு மனு உண்டு. மெக்கன்சி திரட்டிய கைபீதுகள் பலவும் ஒருவகையில் மனுக்கள்தான்: எங்கள் முன்னோர் இன்ன போரில் இன்னாருக்கு உதவினார்கள், எங்கள் உரிமையைக் கொடுங்கள் என்று. சேவகனின் வெட்டுக்காயம் அங்கே எஜமானின் சேவைக் கணக்கில் வரவு. நாட்டார் வரலாறு என்ற பெயரில் இந்தக் கைபீதுகளை எடுத்து நாமும் பாளையக்காரர் வீரம்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதே ஏடுகளில் மானியம் யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு, எதற்காக மாறியது என்ற வரிகளை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.