திரியும் நிலத்தின் ஓசை

தொல்காப்பியம் ஒரு திணையின் கருப்பொருள்களை எண்ணுமிடத்து, மரம், புள், விலங்கு என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே வைக்கிறது. நிலந்தோறும் ஓசை வேறுபடும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறும். அங்ஙனம் திரிகின்ற நிலத்தின் ஓசையைச் செவிக்குக் காட்டுவது எவ்வாறு? பனி குறைந்துவரும் வடபுலத்தில் இன்று இவ்வினாவுக்கு விடை தேடுவோர் சிலர் உளர். அவர்கள் கையாளும் கருவி சொல்லன்று, அளவீடுகளும் ஒலியுமே.

முதற்கண் குறிப்பிடத்தக்கவர் ஜான் லூதர் ஆடம்ஸ். அலாஸ்காவில் பல்லாண்டுகள் வாழ்ந்த இவ்விசையமைப்பாளர், 2006ஆம் ஆண்டு பேர்பேங்க்ஸ் நகரின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஓர் ஒலியறையை அமைத்தார். 'கேட்கச் செல்லும் இடம்' என்பது அதன் பெயர். இனுப்பியாக் மக்கள் வழங்கும் ஓர் இடப்பெயரின் பொருள் அது. அவ்வறையில் இசைப்போர் எவரும் இல்லை. நிலநடுக்கமானிகளும் காந்தமானிகளும் வானிலை நிலையங்களும் தரும் எண்களைக் கணினி அவ்வப்போதே ஒலியாக மாற்றுகிறது. கதிரவனின் ஏற்ற இறக்கத்தோடு சுருதி ஏறி இறங்கும். துருவ ஒளி எழும்போது மணியோசை கேட்கும். நிலம் அதிர்ந்தால் அடித்தளத்திலிருந்து முழவு போல் ஒன்று முழங்கும். ஒருமுறை கேட்டது மறுமுறை வாராது.

இதன் அழகை மறுப்பார் இலர். ஆயினும் அது காட்டுவது இன்றைய நாளை. சென்ற ஐம்பது ஆண்டுகளை அன்று. கால் மணி நேரம் நின்று திரும்புபவருக்குக் கோடையும் குளிரும்கூட வேறுபட்டுத் தோன்றா. நிலத்தோடு உடனிருக்கப் பழக்குவதே இப்படைப்பின் பயன். நிலம் மாறிவிட்டது என்று அது சொல்வதில்லை, சொல்ல முயல்வதுமில்லை.

ஸ்காட்லாந்துக் கலைஞர் கேட்டி பேட்டர்சன் 2007-08இல் செய்தது வேறு வகை. ஐஸ்லாந்தின் வட்னயோகுல் பனியாற்றின் நீர் வந்து சேரும் ஏரியுள் ஓர் ஒலிவாங்கியை மூழ்கவிட்டு, அதனைத் தொலைபேசி எண் ஒன்றோடு இணைத்தார். அப்போது எவரும் அவ்வெண்ணை அழைத்துப் பனி உருகும் ஓசையைக் கேட்க முடிந்தது. இங்கு எண்கள் இடைநிற்கவில்லை. கேட்பது பனியின் சொந்தக் குரல். பிறந்த மண்ணைப் பிரிந்து வாழும் நமக்கு இதன் ஆற்றல் எளிதில் விளங்கும். ஊரிலிருந்து வரும் அழைப்பில், பேசுவோர் சொற்களைவிட அவர்கள் பின்னே பெய்யும் மழையன்றோ சில வேளை நெஞ்சைத் தொடுகிறது! எனினும், அன்று சொட்டிய நீர் முன்னினும் மிகுதியா என்பதை அழைத்தவர் அறிய வழியில்லை.

மூன்றாவது படைப்பு புகழால் சிறியது. என் கருத்தில் இவ்வகையில் அதுவே முதன்மையுடையது. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் மஞ்சள் சீடர் மரங்கள் மடிந்து வருகின்றன. வெப்பம் மிகுவதால் குளிரில் சாகின்றன என்பது வியப்பு. பனிப்போர்வை குறையவே, மேலோட்டமான வேர்கள் இளவேனிற் குளிரில் உறைந்துபோகின்றன. ஸ்டான்போர்டைச் சேர்ந்த லாரன் ஓக்ஸ் அக்காடுகளில் மரம் மரமாக எடுத்த கணக்கை நிக் சாவே இசையாக்கினார். மஞ்சள் சீடருக்குப் பியானோ. ஏனைய மரங்களுக்கு வேறு கருவிகள். இசை வடக்கிலிருந்து தெற்கே, உயிருள்ள காட்டிலிருந்து மடிந்த காட்டிற்குச் செல்கிறது. செல்லச் செல்லப் பியானோவின் ஒலி அருகி வருகிறது. ஒப்பிடுதற்கு இரு முனைகள் இருப்பதால் மாற்றம் இங்கே செவிக்குப் புலனாகிறது. முந்தைய இரண்டிலும் இல்லாதது இதுவே. இசைநயம் கருதினால் இது ஆடம்ஸின் அறைக்கு அருகிலும் நில்லாது என்பது வேறு செய்தி.

ஆனால் இதைக் கேட்போர் ஒன்றை மறத்தலாகாது. இது மரத்தின் ஓசையன்று. மரத்தைப் பற்றிய கணக்கின் ஓசை. சீடர் வீழ்ந்த இடங்களில் ஹெம்லாக் மரங்கள் தழைக்கின்றன. பியானோவை ஹெம்லாக்குக்குத் தந்திருந்தால், அதே காடும் அதே எண்களும் பெருக்கத்தின் இசையாக ஒலித்திருக்கும். எதன் மறைவு நம் செவியில் பட வேண்டும் என்று முடிவு செய்தவர் சாவே, எண்களல்ல.